தீர்ப்பு சட்டமாகும்போது: கைது நெறிமுறை முதல் பூர்வாங்க விசாரணை வரை

நீதிமன்றம் வகுக்கும் குற்றவியல் நடைமுறை நெறிகளை நாடாளுமன்றம் சில வேளைகளில் ஏற்கிறது. சில வேளைகளில் மறுக்கிறது. சில வேளைகளில் உருமாற்றுகிறது. மூன்றும் நம் வழக்குகளைத் தொடுகின்றன.

ஏற்புக்கு டி.கே.பாசு வழக்கு சான்று. கைது குறித்து உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் 11 நெறிமுறைகளை வகுத்தது. அவற்றுள் பெயர்ப்பட்டை, சாட்சி கையொப்பமிட்ட கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல் போன்றவை 2010 நவம்பரில் 41-பி முதலிய பிரிவுகளாக நடைமுறைக்கு வந்தன. இடைவெளி ஏறத்தாழ 14 ஆண்டுகள். இன்று அவை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் தொடர்கின்றன.

மறுப்பு நாம் போராடிப் பெற்றது. 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில், வன்கொடுமைப் புகார்களுக்குப் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும், கைதுக்கு முன்அனுமதி வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் உயிர்கள் பறிபோயின. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது: வழக்குப் பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை; கைதுக்கு ஒப்புதலும் தேவையில்லை. 2020 பிப்ரவரியில் பிருத்வி ராஜ் சௌஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எனினும், முகாந்திரமே இல்லாத புகாரில் முன்பிணைக்குத் தடையில்லை என்ற விலக்கையும் அது விட்டுவைத்தது.

இன்றைய சிக்கல் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்றது 2013-இன் லலிதா குமாரி தீர்ப்பு. விதிவிலக்குகள் குறுகியவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள 173(3) பிரிவோ, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன்அனுமதியுடன் 14 நாள்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்கிறது. விதிவிலக்கு விதியாக விரிந்துவிட்டது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவுக் குற்றங்களுக்கு உச்சத் தண்டனை ஐந்தாண்டு. சாதி சொல்லி இழிவுபடுத்துவதும், நிலத்தைப் பறிப்பதும் இதில்தான் வருகின்றன. சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் ஊறிய காவல் நிலையங்களுக்கு இந்த 14 நாள்கள் வசதியான சாக்கு. சமரசம் பேசவும், சாட்சியைக் கலைக்கவும் அது போதுமான அவகாசம்.

அவர்கள் ஒரு வாதமும் வைக்கக்கூடும்: ‘இச்சட்டத்திலோ நடைமுறைச் சட்டத்திலோ கூறப்பட்டதன்றி வேறு நடைமுறை பொருந்தாது’ என்று 18-ஏ பிரிவே கூறுவதால், 173(3) பொருந்தும் என்பார்கள். இவ்வாதம் நிற்காது. 18-ஏ-வின் முதல் உட்கூறு பூர்வாங்க விசாரணையைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. 20-ஆம் பிரிவு இச்சட்டத்துக்குப் பிற சட்டங்களின் மீது மேலாதிக்கம் தருகிறது. சன்ஹிதாவின் 5-ஆம் பிரிவும் சிறப்புச் சட்டங்களைக் காக்கிறது.

ஆகவே புகார் மனுவிலேயே 18-ஏ, 20 பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். பதிய மறுத்தால், அஞ்சல் வழியே கண்காணிப்பாளருக்கும், பின்னர் 175(3)-இன் கீழ் நீதித்துறை நடுவருக்கும் செல்லலாம். புகாரைப் பதியாத அலுவலர் மீது 4-ஆம் பிரிவின்கீழ் நடவடிக்கை கோரித் தனி மனுவும் கொடுங்கள்.