எந்தக் கொசு? கிள்ளான் முதல் டிங்கி வரை ஒரு நூற்றாண்டுப் பாடம்



நம் நாட்டு வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஈயத்தைச் சொல்கிறோம், இரப்பரைச் சொல்கிறோம், இருப்புப்பாதையைச் சொல்கிறோம். அந்தப் பணிகளில் உயிர் நீத்த நம் முன்னோர்களையும் நினைவுகூர்கிறோம். ஆனால், அவர்களில் எண்ணற்றோர் எதனால் மாண்டனர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். காட்டைத் திருத்தியவர்களைப் புலி அடித்ததும் உண்டு, பாம்பு தீண்டியதும் உண்டு. ஆயினும், அவை இரண்டையும்விடப் பன்மடங்கு உயிர்களைக் குடித்தது கொசுதான்.

"கொசுவை எப்படி ஒழிக்கலாம்?" என்று வகுப்பில் கேட்டால், "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், ஐயா!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். விடை சரிதான், ஆனால் பாதிதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கொசு? இந்தச் சிறிய கேள்விக்கு விடை காண நம் மண்ணில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வு நடந்திருக்கிறது. அந்த ஆய்வுக்குள் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவேதான் இக்கட்டுரை.

கிள்ளானில் ஓர் இளம் மருத்துவர்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர், மலேரியாக் கிருமியை ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டார். அது அனோபிலிஸ் வகைக் கொசு. அதுவரை சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று உலகம் நம்பியிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1900இல், கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. ஐ.எம்.ஆர் என்று நாம் இன்று அழைக்கும் நிறுவனம் அதுதான்.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். அவ்வாண்டு கிள்ளான் நகரம் காய்ச்சலில் தவித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்களும் அலுவலர்களும் காய்ச்சலில் வீழ்ந்தனர். பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று எண்ணும் அளவிற்கு நிலைமை முற்றியது.

வாட்சன் நகரைச் சுற்றியிருந்த காட்டை வெட்டச் செய்தார். தேங்கிய நீரை வடிக்கக் கால்வாய்கள் வெட்டச் செய்தார். பள்ளங்களை மூடச் செய்தார். கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் அந்த எண்ணிக்கை 59 ஆகக் குறைந்தது. 1905இல் 45. இந்தக் குறைவு தற்செயலாக நேர்ந்ததா? வாட்சன் அதையும் சோதித்தார். கால்வாய் வெட்டப்படாத பிற பகுதிகளின் கணக்கையும் அருகில் வைத்து ஒப்பிட்டார். அதே மாவட்டம், அதே மழை, அதே மக்கள். ஆனால் அங்கே இறப்பு அவ்வாறு குறையவில்லை. நம் அறிவியல் பாடத்தில் மாறியை மாற்றி ஒப்பிடு என்று சொல்லிக் கொடுக்கிறோமே, அதற்கு இதைவிடச் சிறந்த உள்ளூர் எடுத்துக்காட்டு வேண்டுமா?

பிள்ளைகளின் வயிற்றில் எழுதிய கணக்கு

பின்னர் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகள் வழியாகவும் நம் மக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினர். காடு திருத்தும் தோட்டங்களில் காய்ச்சல் அவர்களை வாட்டியது. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிற்க வைத்துக் கசப்பான கொய்னாவைக் குடிக்கச் செய்த தோட்டங்கள் பல.

ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அளப்பது? தொழிலாளர்கள் வருவார்கள், போவார்கள், ஓடிவிடுவார்கள். அவர்களை வைத்துக் கணக்கிட இயலாது. ஆனால், பிள்ளைகள் தோட்டத்திலேயே இருப்பவர்கள். மலேரியா அடிக்கடி தாக்கினால் மண்ணீரல் வீங்கும். எனவே வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். லயம் காட்டுக்கும் சதுப்புக்கும் அருகில் இருந்தால் வீக்கம் மிகுதி. தள்ளி இருந்தால் குறைவு. 1911இல் வெளிவந்த அவருடைய நூலில் இத்தகைய அட்டவணைகள் இடம்பெற்றுள்ளன.

ஒரு தமிழாசிரியனாக இந்தச் செய்தியைக் கடந்துபோக என்னால் இயலவில்லை. உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற ஆய்வு அது. அதன் அளவுகோல் நம் பிள்ளைகளின் வயிறு! பேர் தெரியாத அந்தச் சிறுவர் சிறுமியர் அட்டவணையில் வெறும் எண்களாக நிற்கின்றனர். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலையே கண்டிருக்க மாட்டார்கள். இன்று நம் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருப்பவர்கள் அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும்.

சமவெளியில் மருந்து, குன்றில் நஞ்சு

வரலாறு இதற்குப் பிறகுதான் திரும்புகிறது. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டியதும் காய்ச்சல் அடங்கியது. அதே வழியைக் குன்றுப் பகுதித் தோட்டங்களிலும் பின்பற்றினர். அங்கோ, நேர்மாறாகக் காய்ச்சல் கொழுந்துவிட்டு எரிந்தது!

காரணம், அங்கிருந்தது வேறொரு கொசு. சமவெளியில் மலேரியாவைப் பரப்பியது அனோபிலிஸ் அம்புரோசஸ். அது காட்டு நிழலில் தேங்கி நிற்கும் நீரில் முட்டையிடும். நிழலை நீக்கி நீரை வடித்தால் அதற்கு வாழ்விடம் இல்லை. குன்றுகளில் இருந்ததோ அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரையே நாடும். காட்டை வெட்டி ஓடையின்மீது வெயில் விழச் செய்தபோது மனிதர்களே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டனர். சமவெளியில் உயிர் காத்த அதே மண்வெட்டி, குன்றில் உயிர் குடித்தது.

இதை உணர்ந்த பின்னர், குன்றுகளில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய்கள் வழியே செலுத்தினர். நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தனர். 1913இல் இங்கு வந்து பார்த்த சுவெல்லன்கிரெபல் என்ற டச்சு அறிஞர், நோய் பரப்பும் கொசு இனத்தை மட்டும் அறிந்து அதன் வாழ்விடத்தை அழிக்கும் இம்முறைக்கு "இனவாரித் துப்புரவு" எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

மேன்சோனியா என்ற கொசுவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் இதன் புழுக்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சு விடுவதில்லை. நீர்த்தாவரங்களின் வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றைப் பெறுகின்றன. நீர்ப்பரப்பில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் இதற்குக் கவலை இல்லை. செடியை அகற்றினால்தான் புழு சாகும்.

வீட்டுக்குள் வந்த ஏடிஸ்

மலேரியாவின் கதை தோட்டத்தின் கதை என்றால், டிங்கியின் கதை நகரத்தின் கதை. பினாங்கில் டிங்கி கண்டதைப் பற்றி 1902இலேயே மருத்துவ இதழில் எழுதப்பட்டுவிட்டது. கொசுவுக்கும் டிங்கிக்கும் உள்ள தொடர்பை 1906இல் ஆஸ்திரேலியாவில் பேன்கிராப்ட் எடுத்துக்காட்டினார். ஆயினும், உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு வகை 1960இல் சிங்கப்பூரிலும் 1962இல் பினாங்கிலும் தலைகாட்டிய பிறகே அச்சம் பரவியது. கொசு பெருகும் இடம் வைத்திருப்போருக்குத் தண்டனை விதிக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் 1968இலும் மலேசியா 1975இலும் இயற்றின.

ஏடிஸ் கொசுவின் இயல்பு முற்றிலும் வேறு. காடும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். பெரும்பாலும் பகலில் கடிக்கும்; அதாவது நம் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில். அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடு ஒட்டிக்கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். புகையடித்தால் பறக்கும் கொசு சாகும். நீரில் இருக்கும் புழு சாகாது. 2019இல் மட்டும் மலேசியாவில் 1,30,000க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். 182 பேர் உயிரிழந்தனர்.

கொசுவே இல்லாத குற்றம்

"எந்தக் கொசு?" என்ற கேள்விக்குச் சில வேளைகளில் "எந்தக் கொசுவும் இல்லை" என்பதும் விடையாகலாம். 1998இல் பேராக்கிலும் பின்னர் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிலும் மூளைக்காய்ச்சல் பரவியது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், நோய் அடங்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்களோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்கள். இந்த முரண்பாட்டைக் கவனித்தவர்கள் தேடலைக் கைவிடவில்லை. 1999 மார்ச்சு மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் ஒரு புதிய கிருமியைக் கண்டறிந்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த நீப்பா கிருமி அது. நூற்றுக்கும் மேற்பட்டோரை அந்நோய் காவுகொண்டது.

நம் கடமை

ஆய்வு இன்றும் தொடர்கிறது. வொல்பாக்கியா என்ற நுண்ணுயிரைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை 2017 முதல் சிலாங்கூரின் சில குடியிருப்புகளில் பறக்கவிட்டனர். அந்த நுண்ணுயிர் இருந்தால் கொசுவின் உடலில் டிங்கிக் கிருமி எளிதில் பெருக இயலாது. அவ்விடங்களில் டிங்கி ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் அறிவித்தனர். மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள் உள்நாட்டில் 2018 முதல் தோன்றவில்லை. ஆனால், குரங்குகளிடமிருந்து வரும் நோலசி மலேரியா, குறிப்பாகச் சபா, சரவாக் மாநிலங்களில், இன்னும் மக்களைத் தாக்குகிறது.

ஆசிரியர்களே, அடுத்த முறை கொசு பாடம் நடத்தும்போது ஏடிஸ், அனோபிலிஸ் என்ற பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். எது எங்கே முட்டையிடும், எப்போது கடிக்கும் என்று பட்டியலிடச் செய்யுங்கள். பள்ளிக் கூட்டுப்பணியின்போது முன்வாசலில் இலை கூட்டுவதோடு நிறுத்தாமல், கூரைத் தாழ்வாரத்தில் நீர் நிற்கிறதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஏறிப் பார்க்கட்டும். பெற்றோர்களே, புகையடித்துவிட்டார்கள் என்று நிம்மதி கொள்ளாதீர்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் நீர் தேங்கும் இடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். பிள்ளை தன் கையால் ஒரு புழுவைப் பிடித்து ஒளியில் காட்டி, "இது ஏடிஸ்" என்று சொல்லட்டும்.

நூறாண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் அந்த ஆய்வில் அளக்கப்பட்டவர்கள். இனி அவர்கள் அளப்பவர்களாக இருக்க வேண்டும். அதற்கு வழிகாட்ட வேண்டியவர்கள் நாம்தாம்.