வயல் மானியம் முதல் ஆய்வக மானியம் வரை: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்புறத்தில் ஒதுக்கப்பட்டோர் கல்வியும் அரசுப் பணமும்

திருவிதாங்கூரில் கௌரி பார்வதி பாய் அரசியாக இருந்தபோது, ரெசிடென்ட் மன்றோவின் பரிந்துரையின் பேரில், நாகர்கோவிலில் லண்டன் மிஷன் நடத்திய செமினரிக்கு 5,000 ரூபாய் வழங்கினார். அந்தப் பணத்தில் நெல்வயல் வாங்கப்பட்டது. வயலின் வருமானம் பள்ளிச் செலவுக்குப் போனது. குடிகளின் கல்விச் செலவை அரசே தாங்க வேண்டும் என்ற 1817ஆம் ஆண்டின் அரசாணையை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். வயல் மானியத்தைப் பேசுவோர் குறைவு. என் ஆய்வுக்கு வயல்தான் முக்கியம். ஒதுக்கப்பட்ட சாதியார் பெரும்பான்மையாகச் சேரவிருந்த ஒரு நிறுவனத்துக்கு, ஆண்டுதோறும் கையேந்த வேண்டாத ஒரு சொத்தை அரசு கொடுத்தது. பிறகு, இன்றைய கேரளத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிக்கு அரசுப் பணம் பல வழிகளில் வந்தது. இந்த வடிவில் மீண்டும் வந்ததில்லை.

நிறுவனத்துக்கே அரசு பணம் தருவதற்கு ஓர் ஒப்பீடாக அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2023 ஜனவரியில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆளில்லாமல் தாமே முடிவெடுத்து இயங்கும் கருவிகளைப் பற்றிய ஆய்வு மையம் ஒன்றை நடத்தும் பொறுப்பை, ஐந்து ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் நிதியுடன், அந்நாட்டு விமானப்படை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்தது. கறுப்பினத்தவருக்கென எழுந்த உயர்கல்வி நிறுவனம் ஒன்று இத்தகைய பாதுகாப்பு ஆய்வு மையத்துக்குத் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. டஸ்கெகீ, ஹாம்ப்டன், ஜாக்சன் ஸ்டேட் முதலியவை உடன் சேர்ந்தன. பெயர் சொல்லி ஒரு நிறுவன வகையைச் சட்டத்தில் வரையறுத்து அதற்கென ஆய்வுப் பணம் ஒதுக்கும் இந்த வழக்கம் நம்மிடம் ஏன் உருவாகவில்லை? விடையின் பெரும்பகுதி நெய்யாற்றின்கரை தாலுகாவின் பள்ளிக்கூட வரலாற்றுக்குள் இருக்கிறது என்பது என் வாதம்.

மிஷன் பள்ளிகளும் மானியமும்

லண்டன் மிஷனின் பணி 1806இல் ரிங்கல்தௌபே வந்ததோடு தொடங்குகிறது. மயிலாடியில் அவரை வரவழைத்தவர் பறையர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கம். மிஷன் அங்கிருந்து நாகர்கோவில், நெய்யூர் என வடக்கே நகர்ந்து 1840களில் பாறசாலையில் நிலைகொண்டது. அங்கு ஊழியம் செய்த ஜான் ஆப்ஸ் 1870இல் வெளியிட்ட நினைவு நூலும், பாறசாலையிலும் திருவனந்தபுரத்திலும் பணியாற்றிய சாமுவேல் மேட்டீரின் 1871, 1883ஆம் ஆண்டு நூல்களும் இந்த வட்டாரத்துக்கு இன்றும் முதன்மைச் சான்றுகள். மிஷனரியின் கண்ணால் எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைத்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

மிஷன் பள்ளிகள் எழுந்த காலத்தில் நாடார் பெண்கள் மாராப்பு அணிவதே கலவரமாயிற்று. அந்த உரிமையை ஒரு வரம்போடு ஏற்ற அரசு அறிவிப்பு 1859இல் வந்தது. அடிமை ஒழிப்பு அறிவிப்பு 1855இல்தான் முழுமை பெற்றது. அதன் பிறகு புலையர், சாம்பவர் பிள்ளைகளும் மிஷன் பள்ளிகளுக்கு வரத் தொடங்கினர். ஆனால் நாடார் வீட்டுப் பிள்ளையும் புலையர் வீட்டுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் உட்காருவது அங்கும் எளிதாக நடக்கவில்லை. மிஷன் வரலாற்றைப் பெருமையாகச் சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

திவான் மாதவ ராவின் காலத்தில் (1858–1872) தனியார் பள்ளிகளுக்கு உதவி மானியம் தரும் முறை உருவாகத் தொடங்கியது. மானியத்தின் இயல்பு அங்கேதான் மாறியது. பள்ளிக்கு ஒரு சொத்து கிடைப்பது நின்றது. கட்டடம், ஆசிரியர், வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் அதிகாரி பார்த்து ஒப்புக்கொண்டால் ஓராண்டுச் செலவில் ஒரு பங்கு கிடைத்தது. ஏற்கெனவே கட்டடம் எழுப்பும் வசதி இருந்தவருக்கே அந்தப் பங்கும் எட்டியது. ஓலைக் கொட்டகையில் எழுத்து கற்பித்தவர்களுக்கு அது தொலைவிலேயே இருந்தது.

வெங்ஙானூரின் கோரிக்கை

புலையர் தலைவர் அய்யன்காளி 1863இல் நெய்யாற்றின்கரை தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்தார். எழுதப் படிக்கக் கற்றவர் அல்லர். 1893இல் வில்வண்டி ஏறி, புலையருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் போனார். 1904இல் வெங்ஙானூரில் தம் மக்கள் பிள்ளைகளுக்கென ஒரு குடிப்பள்ளிக்கூடம் போட்டார். அது தீ வைத்துக் கொளுத்தப்பட்டது. மீண்டும் கட்டினார். பின்தங்கிய சாதியாரின் தொடக்கக் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் கொள்கை வந்ததும் அதே 1904இல்தான். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் அரசுக் கொள்கை, இன்னொரு பக்கம் எரிந்த கொட்டகை. கொள்கைக்கும் வயல்வரப்புக்கும் நடுவே இருந்த தூரம் அவ்வளவு.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை அவர் நிறுவினார். அதே ஆண்டு, அரசுப் பள்ளிகளில் புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற உத்தரவு பிறந்தது. அலுவலகங்கள் அதை வெளியே விடாமல் வைத்திருந்தன. அதன்பின் நடந்த விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கல்விக்காக நடந்த ஒரு கூலிப் போராட்டம். பிள்ளைகளைப் படிக்க விடாதவர்களின் வயலில் புல்தான் முளைக்கும் என்று அய்யன்காளி எச்சரித்ததை அந்த வட்டாரம் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட் கண்டல நாகம் பிள்ளை நடுவில் நின்று சமரசம் செய்த பிறகே வயலில் ஏர் இறங்கியது. ஊரூட்டம்பலத்தில் பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியை அய்யன்காளி பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றதும், அதை எதிர்த்தவர்கள் பள்ளியையே எரித்ததும் இதன் தொடர்ச்சி. அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது 2022இல்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் 1890இல் இயற்றிய இரண்டாம் மோரில் சட்டம் மாநிலங்களுக்கு இரண்டு வழிகளைக் கொடுத்தது: இனம் பாராமல் எல்லோரையும் ஒரே கல்லூரியில் சேர்க்கலாம், சேர்க்க மாட்டோம் என்றால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்து நியாயமான பங்கு தர வேண்டும். தென் மாநிலங்கள் இரண்டாவது வழியை எடுத்தன. அநீதியிலிருந்து பிறந்த பிரிவினைதான் என்றாலும், அதன் விளைவாகச் சுட்டிக் காட்டக்கூடிய நிறுவனங்கள் எழுந்தன. 1965இன் உயர்கல்விச் சட்டம் அவற்றை ஒரு வகையாக வரையறுத்தது. பாதுகாப்புத் துறையின் ஒதுக்கீடு அந்த வரையறையின் மேல் கட்டப்பட்டது. நவஹோ பழங்குடியினர் 1968இல் தாங்களே கல்லூரி தொடங்கினார்கள். 1994இல் பழங்குடிக் கல்லூரிகளும் நில மானியக் கல்லூரிகளாக ஏற்கப்பட்டன.

அய்யன்காளி கேட்டது முதல் வழியை. அரசின் பொதுப் பள்ளிக்குள் தம் பிள்ளைகள் நுழைய வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்ட பின் கட்டணச் சலுகை, உதவித்தொகை, வேலை, நிலம் எனக் கேட்டுக்கொண்டே இருந்தார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் நிலம் அவர் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிலம் குடும்பங்களுக்கு, கல்லூரிக்கு அல்ல. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தாம் கண்மூடும் முன் தம் இனத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்றார் அய்யன்காளி. அவர் எண்ணியது ஆட்களை. சரியான கோரிக்கை அது. தாமே ஒரு பள்ளி போட்டவர் என்றாலும், தனிப் பள்ளி என்ற வேலிக்குள் மட்டும் தம் மக்களை அடைக்க அவர் சம்மதிக்காததில் பெரும் தீர்க்கதரிசனம் இருந்தது. ஆனால் அதன் பின்விளைவாக, அரசின் உதவி எல்லாமே தனி மாணவனைத் தேடிப் போகும் சலுகையாயிற்று. கட்டணச் சலுகை, விடுதி, இடஒதுக்கீடு எல்லாம் அந்த வழியில் வந்தவை. நிறுவனத்தைத் தேடி வரும் பணம் என்ற எண்ணம் மெல்ல மறைந்தது.

ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் 1943இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறினார். விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்டது. பட்டம் பெறும் வாசல் திறந்தது, பட்டம் பெற்றவர் நின்று ஆராயும் இடம் திறக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கூரிய சான்று எனக்குத் தென்படவில்லை.

எல்லைக் கோட்டுக்குப் பின்

1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. சென்னை மாநிலத்தோடு சேர்க்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு களியிக்காவிளையில் விழுந்தது. இஞ்சிவிளை, செறுவாரக்கோணம், பாறசாலை மக்களுக்கு இதனால் ஏற்பட்ட கல்வி இழப்பு அதிகம் பேசப்படவில்லை: நாகர்கோவில் செமினரியிலிருந்து வளர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி கோட்டுக்கு அப்பால் போயிற்று. ஒதுக்கப்பட்டோருக்கென ஒன்றரை நூற்றாண்டில் வளர்ந்த நிறுவனச் செல்வத்தின் தலைப்பகுதி நாகர்கோவிலில், வால்பகுதி கேரளத்தில். காட்டாக்கடை கிறிஸ்தவக் கல்லூரி 1965இல்தான் வந்தது. 1972இல் கேரள அரசு தனியார் கல்லூரி ஆசிரியர்களின் சம்பளத்தை நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆசிரியருக்கு அது விடுதலை. ஆனால் சம்பளத்தால் ஆய்வகம் எழாது.

இதே காலத்தில் அறிவியலுக்கான பெரும்பணம் திருவனந்தபுரத்துக்கு வந்தது. 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. அதற்காக மீனவக் குடும்பங்கள் வீட்டையும் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தன. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு 1958இலும், வானூர்தி ஆய்வுக்கு மானியம் தரும் வாரியம் 1971இலும் உருவாயின. விண்வெளித் துறையும் கல்வி நிறுவனங்களுக்கு ரெஸ்பாண்ட் திட்டத்தில் நிதி தருகிறது. இவற்றில் பணம் பெறக் கருவியும், முன்னனுபவமும், வழிகாட்டும் பேராசிரியரும் முதலில் கல்லூரியிடம் இருக்க வேண்டும். மாதவ ராவ் காலத்து மானிய விதியின் பழைய சிக்கல்தான் இது.

பழங்குடியினர் கதை இன்னும் கூர்மையானது. 1987இல் அகத்தியமலையில் வழிகாட்டிகளாகச் சென்ற காணிப் பழங்குடியினர் களைப்பு நீங்க மென்ற ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைப் புஷ்பாங்கதன் தலைமையிலான அறிவியலாளர் குழு கண்டது. பாலோட்டின் தாவரவியல் நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க்குக் கோவையின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என முடிவாயிற்று. அறக்கட்டளை 1997இல் பதிவானது. உலகமே பாராட்டிய பங்கீடு அது. நானும் மதிக்கிறேன். ஆனாலும் காணிகள் தகவல் சொன்னவர்களாகவே நின்றார்கள். பாறசாலைத் தொகுதியின் அம்பூரி மலையிலும் காணிக் குடியிருப்புகள் உண்டு. நவஹோ கல்லூரியைப் போலத் தங்கள் காட்டைத் தாங்களே ஆராயும் நிறுவனம் ஒன்றை அமைக்க யாரும் அவர்களுக்குப் பணம் தரவில்லை.

அமெரிக்க வழி குறையற்றது என்று சொல்ல வரவில்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுந்த கல்லூரிகளுக்கு 16 மாநிலங்கள் முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துத் தந்திருக்கின்றன என்று 2023இல் அந்நாட்டு அமைச்சர்களே ஆளுநர்களுக்கு எழுதினார்கள். ஆயுத ஆய்வுப் பணம் ஒரு சமூகத்தின் அறிவை எந்தத் திசைக்குத் திருப்பும் என்ற கவலையும் எனக்கு உண்டு. ஆயினும் அங்கே குறைவை அளக்க முடிகிறது. நிறுவனத்துக்குப் பெயர் இருப்பதால் கணக்கும் இருக்கிறது. இங்கே பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் நடத்திய தனித் திட்டமும் தனி ஆளுக்கான திட்டமே. அவர் பணியாற்றும் கல்லூரி அதனால் வலுப்பெறுமா என்பது அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது.

நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை நிலத்தின் ஒரு பகுதியை பிரம்மோஸ் ஏவுகணை ஆலைக்குத் தரக் கேரள அரசு முன்வந்திருக்கிறது. இடம் காட்டாக்கடை தாலுகா; அந்தத் தாலுகாவின் பெரும்பகுதி 2014 வரை நெய்யாற்றின்கரையின் பகுதியாக இருந்தது. ஊரூட்டம்பலமும் அதற்குள்தான். நிலம் கைமாறும் ஒப்பந்தத்திலேயே காட்டாக்கடை, தனுவச்சபுரம், பாறசாலைக் கல்லூரிகளுக்கு ஆய்வகம் அமைக்கும் பங்கு எவ்வளவு என்று எழுதிவிடலாம். ஓராண்டுச் செலவாக அல்ல, முதல் அழியாத வைப்பு நிதியாக. அதற்கு முன், 1972 தொடங்கி இந்தத் தாலுகாக்களின் ஒவ்வொரு கல்லூரிக்கும் சம்பளம் நீங்கலாக ஆய்வுக்கென வந்த பணம் எவ்வளவு என்ற பட்டியலை உயர்கல்வித் துறை வெளியிட வேண்டும்.