திரையைப் பார்த்தவர்கள் தீர்ப்பு எழுதியபோது

கிராமத்தில் வேளாண்மைப் படம் ஒன்று திரையிடப்படும்போது, பார்ப்பவருக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறது? ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் கால் நூற்றாண்டு வரலாறு இக்கேள்விக்கு மூன்று வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது.

முதல் விடை 1975 ஆகஸ்டில் தொடங்கியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கொண்டு இந்தியா நடத்திய ‘சைட்’ தொலைக்காட்சிச் சோதனை, ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களை ஓராண்டுக் காலம் எட்டியது. பொதுவிடத்தில் வைத்த ஒரே பெட்டியின் முன் ஊரே கூடியது. வேளாண்மை, சுகாதாரம், குடும்பநலம் பற்றி நிபுணர் சொன்னார், உழவர் கேட்டுக்கொண்டார். திருப்பிக் கேட்க வழியில்லை.

இரண்டாவது விடை பிறந்ததற்கு ஓர் அரசு ஆவணம் காரணம். 1999இல் சந்திரபாபு நாயுடு அரசு, மெக்கின்சி நிறுவனத்தின் துணையுடன் ‘தொலைநோக்கு 2020’ திட்டத்தை வெளியிட்டது. நிலத்தை நம்பி வாழ்வோரின் பங்கை 70 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. முதல்வரின் சொந்த மாவட்டமான சித்தூரில், குப்பம் தொகுதியில், இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு அமைந்த செயல்விளக்கப் பண்ணை இந்த எதிர்காலத்தின் முன்காட்சியாக விளங்கியது. வெளியேற வேண்டிய 30 விழுக்காட்டினர் யார், அவர்களைக் கேட்டது யார் என்ற வினாக்களுக்கு ஆவணத்தில் இடமில்லை.

அவ்வினாக்களை எழுப்பவே 2001 ஜூன் இறுதியில் மேடக் மாவட்டத்தில் ‘பிரஜாதீர்ப்பு’ என்னும் மக்கள் நடுவர் மன்றம் கூடியது. நடுவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பலர் சிறு, குறு உழவர்கள். அவர்கள் முன் மூன்று எதிர்காலங்கள் காணொளிப் படங்களாகக் காட்டப்பட்டன. ஒன்று, அரசின் தொலைநோக்கு. இன்னொன்று, ஏற்றுமதியை நம்பிய இயற்கை வேளாண்மை. மூன்றாவது, உள்ளூர் உணவு, உள்ளூர்ச் சந்தை, தற்சார்பு. பின்னர் அதிகாரிகள், அறிவியலாளர்கள், நிறுவனப் பிரதிநிதிகள் சாட்சிகளாக வந்தனர். நடுவர்கள் அவர்களைக் குறுக்கு விசாரணை செய்தனர். ஏதேனும் ஒரு படத்தை அப்படியே தேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தம் எதிர்காலத்தைத் தாமே வகுத்துச் சொல்லலாம். ஒப்பந்தப் பண்ணையம், நிலங்களைப் பெரும் பண்ணைகளாக ஒன்றுசேர்த்தல், கைவேலையைப் பறிக்கும் இயந்திரமயம், மரபணு மாற்றுப் பயிர்கள் ஆகியவற்றை அவர்கள் நிராகரித்தனர். மண்வளம், பயிர்ப் பன்மை, தம் வளங்களின் மீது தமக்கே அதிகாரம் ஆகியவற்றைக் கோரினர்.

ஆந்திர அரசுக்கு நிதியுதவி அளித்துவந்த பிரிட்டனின் சர்வதேச வளர்ச்சித் துறை, மன்றத்தின் அறிக்கை நடுநிலையற்றது என ஆட்சேபித்தது. சர்ச்சை லண்டன் வரை எட்டியது. ஆட்சேபத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது: எதிர்காலங்களைப் படமாக்குபவரே தெரிவின் எல்லையையும் வரைகிறார். ஆயினும் தொலைநோக்கு ஆவணம் எந்தக் குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டதில்லை என்பதையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

படமாக்குபவர் யார் என்ற இச்சிக்கலுக்கு அதே மாவட்டத்தில் கிடைத்ததே மூன்றாவது விடை. பஸ்தாபூரில் தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் உழவர் பெண்கள் தாமே கேமராவை ஏந்தினர். கழக நிறுவனர்களில் ஒருவரான பி.வி. சதீஷ் தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்தவர். மேலிருந்து கீழ்நோக்கும் கோணத்தை அப்பெண்கள் ‘பட்டேல் ஷாட்’ என்றனர்; அது நிலக்கிழாரின் பார்வை. கண்மட்டக் கோணம் ‘சங்கம் ஷாட்’. சங்கத்தில் எல்லோரும் சமமாக அமர்வதால் வந்த பெயர். வாரங்கலில் பி.டி. பருத்தி விதைத்த உழவர்களைப் பருவந்தோறும் சென்று அவர்கள் பதிவுசெய்த படங்கள் வெளிநாடுகளிலும் திரையிடப்பட்டன.

பிரஜாதீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தவில்லை. அது எழுப்பிய கேள்வி மட்டும் பழையதாகிவிடவில்லை. சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையம், கூழ் ஆலைகளை நம்பிய தோத்தாபுரி மாம்பழச் சந்தை. தமிழர் அதனைக் கிளிமூக்கு என்பர். 2025இல் விலை சரிந்தபோது அரசு ஆதரவு விலை அறிவிக்க நேர்ந்தது. எதைப் பயிரிடுவது, யாருக்காக என்பதைத் தொலைதூரச் சந்தை முடிவுசெய்யும் எதிர்காலத்தில் உழவருக்கு எஞ்சுவது விலைக்கான கோரிக்கை மட்டுமே. உணவு நீதி குறித்துப் படம் திரையிடுவோர் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்கலாம்: விளக்கை அணைத்துப் படம் காட்டுவது பாதி வேலை, விளக்கை ஏற்றியபின் கேள்வி கேட்கும் இடம் யாருக்குத் தரப்படுகிறது என்பதே மீதி.