குளம் திறக்க வந்த கோமக்கள்: வன்னியில் புனரமைப்பும் அதிகாரமும்

பழுதுற்றுக் கிடந்த புராதன ஆக்கமொன்று மீளக் கட்டப்படுவதும், அரசனோ அவனது பதிலாளோ நேரில் வந்து அதனைத் திறந்து வைப்பதும் பல நாடுகளின் வரலாற்றிற் காணப்படும் நிகழ்ச்சிகளாகும். வந்தவரது பெயரும் வந்த நாளும் கல்லிற் பொறிக்கப்படும். பிற்கால வரலாற்றாசிரியன் அக்கல்லையே சான்றாகக் கொள்வான். வன்னிப் பெருநிலப்பரப்பில் வரலாற்று ஆக்கங்களுள் தலையாயது குளமேயாகும். எனவே, இங்கு கோமகனின் வருகை பெரும்பாலும் குளத்தையும் அதனைச் சார்ந்த கோயிலையும் நோக்கிய வருகையாகவே அமைந்துள்ளது. அவ்வருகைகள் யாருடைய உழைப்பை யாருடைய கொடையாக மாற்றின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியரின் தோற்றம் பற்றிக் கூறும் மரபுகளுள் ‘கோணேசர் கல்வெட்டு’ முக்கியமானது. சோழநாட்டிலிருந்து வந்த குளக்கோட்டன் திருக்கோணமலைக் கோயிலுக்குத் திருப்பணி செய்தான் என்றும், கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தான் என்றும், கோயிற் கடமைகளுக்குரிய குடிகளையும் அவர்களை மேற்பார்க்க வன்னியரையும் குடியமர்த்தினான் என்றும் அந்நூல் கூறும். குளத்தையும் கோட்டத்தையும் அமைத்தவன் என்பதே அவனது பெயருக்கு வழங்கும் பொருளுமாகும். பின்னர் கயவாகு மன்னன் கோணமலைக்கு வந்து, தடைப்பட்ட வழிபாட்டை மீண்டும் நடைபெறச் செய்தமையும் அதே நூலிற் பேசப்படுகின்றது. இவற்றின் வரலாற்றுண்மை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமது கவனத்துக்குரியது அந்நூலின் சமூகப் பணியாகும். யார் எத்தொழிலைச் செய்யவேண்டும், யார் எதனை அளந்து கொடுக்கவேண்டும் என்னும் விதிகள் அதில் விரிவாக இடம்பெறுகின்றன. அரசன் ஒருமுறை வந்து செய்த திருப்பணி, குடிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்யவேண்டிய தொழும்புக்கு நியாயமாகின்றது. நிலமானிய உறவுகளைத் தெய்வ சித்தமாகக் காட்டும் கருத்துநிலையை இதனினும் தெளிவாகக் காண்டல் அரிது.

ஒல்லாந்தர் வன்னியரிடம் யானைகளைத் திறையாகப் பெற்றனர். 1782இல் வன்னியைப் படைகொண்டு அடக்கினர். 1803 ஓகஸ்ட் மாதம் முல்லைத்தீவைக் கைப்பற்றிய பண்டாரவன்னியன், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையினால் தோற்கடிக்கப்பட்டான். அத்தோல்வியைக் குறித்து அங்கு நாட்டப்பட்ட கல் வென்றவனின் கூற்றாகவே அமைந்தது.

பிரித்தானியர் ஆட்சியிற் குளங்களின் கதை புதியதொரு திருப்பத்தை அடைந்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு நீங்கியமை முற்போக்கானதே. எனினும், குளக்கட்டைப் பேணிய கூட்டுக்கடமையும் அதனுடன் தளர்ந்தது. அதற்கு மாற்றாக வேறெந்த ஏற்பாட்டையும் குடியேற்ற அரசு உடனடியாகச் செய்யவில்லை. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், பழைய வழமைகளுக்கு உயிர்கொடுக்கும் பெயரில் அக்கூட்டுழைப்பை மீண்டும் சட்டத்தின் பிடிக்குட் கொணர்ந்தது. அதேவேளை உழவனிடமிருந்து தானியவரியும் அறவிடப்பட்டது. அவ்வரி 1892இலேயே நீக்கப்பட்டது.

அரச குடும்பத்தினரின் வருகைகள் இக்காலப்பகுதியிலேயே நிகழ்ந்தன. விக்டோறியா அரசியின் மகனான அல்பிரட் 1870இலும், முடிக்குரிய இளவரசனான எட்வேர்ட் 1875இலும் இலங்கைக்கு வந்தனர். எட்வேர்ட் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பணைக்கு முதற்கல் நாட்டினான். தேசாதிபதி கிறகெறி வடமத்திய மாகாணத்தை உருவாக்கிக் குளங்களைத் திருத்த முனைந்த ஆண்டுகள் அவை என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஆயினும், இளவரசனின் கை கோப்பி ஏற்றுமதிக்கு வேண்டிய துறைமுகத்தின் கல்லையே தொட்டது; நெல்விளையும் குளத்தின் மண்ணைத் தொடவில்லை. கோமகன் எதனைத் திறந்து வைக்க வருகின்றான் என்பதை அக்காலத்து மூலதனத்தின் தேவையே தீர்மானித்தது.

1895இல் ஜே. பி. லூயிஸ் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், கைவிடப்பட்ட குளங்களும் குறைந்த குடித்தொகையும் கொண்ட நாடாகவே வன்னியைக் காட்டுகின்றது. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பார்க்கர் 1885இல் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் நீர்த்தேக்கம் அமைக்கத் திட்டம் வரைந்தார். 1902இல் தொடங்கிய வேலை 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. தொடக்கத்தில் ஏறத்தாழ 40,000 ஏக்கர் அடி நீரைக் கொண்ட அக்குளம் 1950களிலும் 1970களிலும் உயர்த்தப்பட்டது. திட்டமிட்டவரின் பெயரை நாம் அறிவோம். கூடை சுமந்தோர், காய்ச்சலில் மடிந்தோர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய கல் எதனையும் அறியோம்.

அதே பார்க்கர் 1909இல் வெளியான தமது நூலில், மகாவம்சம் கூறும் பேலிவாபியே வவுனிக்குளம் எனக் கருதினார். இது துட்டகைமுனுவின் காலத்தோடு தொடர்புறும் பெயர். தமிழரோ அக்குளத்தை எல்லாளனுக்கு உரியதாக்குவர். இரு தரப்பினரும் கேட்பது ஒரே வினாவையே: கட்டிய மன்னன் யாவன்? வெட்டிய மக்கள் யாவர் என்னும் வினா இரு தேசியவாதங்களிலும் எழுவதில்லை.

இவ்வினாவை எழுப்பின் நமது சமூகத்தின் உள்முரண்பாடுகளும் வெளிப்படும். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் வன்னியிற் குடியேறிய மலையகத் தமிழர் பலர் கிளிநொச்சியின் வயல்களில் கூலியுழைப்பாளராயினர். காடு வெட்டிக் கழனியாக்கியும் காணிக்கு உறுதி பெறாதோர் அவர்களுட் பலர். குளத்துநீரின் வரலாற்றைத் தமிழ்மன்னரின் பெருமையாக மட்டும் எழுதுவோம் எனின், இவர்கள் அவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவேண்டியவராவர்.

மன்னராட்சி நீங்கியபின்னும் சடங்கு நீங்கவில்லை. புனரமைக்கப்பட்ட இரணைமடுக்குளத்தின் வான்கதவுகளை 2018 டிசெம்பரில் அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரில் வந்து திறந்துவைத்தார். அம்மாதம் 21, 22ஆம் திகதிகளிற் பெருவெள்ளம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைத் தாக்கியது. வான்கதவுகள் திறக்கப்பட்ட நேரமும் முறையும் பற்றி மக்கள் வினா எழுப்பினர். விழாவுக்குரிய திறப்பை எல்லோரும் கண்டனர். வெள்ளத்துக்குரிய திறப்புக்கு யார் பொறுப்பு என்பதோ வாதத்துக்குரியதாயிற்று. கொடையை உரிமைகோரும் அதிகாரம் பொறுப்பை உரிமைகோருவதில்லை.

குளத்துக்கு நேர்ந்தது குன்றுக்கும் நேர்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையிற் பண்டைய பௌத்த அழிபாடுகள் உள்ளன. அயற்கிராம மக்கள் ஐயனாரை வழிபட்ட இடமும் அதுவே. 2021 ஜனவரியில் அகழ்வைத் தொடக்கிவைக்க இராஜாங்க அமைச்சர் ஒருவர் படையினர் சூழ வந்தார். புத்தர் சிலையும் கொணரப்பட்டது. பின்னர் தாதுகோபம் மீளக் கட்டப்பட்டது. 2022இல் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றக் கட்டளைகளை மீறிக் கட்டுமானம் நடைபெறுவதாக முறையீடு எழுந்தது. அவ்வழக்கை விசாரித்த நீதிபதி 2023 செப்ரெம்பரில், உயிரச்சுறுத்தல் உண்டெனக் கூறிப் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார்.

பௌத்த அழிபாடு உண்மை. அதனைப் பேணுவதும் வேண்டற்பாலது. தமிழரிடையே பௌத்தம் நிலவியதை மறுப்பதும் வரலாற்று அறிவாகாது. ஆனால், பழமையைப் பேணல் எனத் தொடங்கியது, அயலில் வாழ்வோரின் வழிபாட்டையும் வயலையும் அவர்களிடமிருந்து பிரிக்கும் கருவியாயின், அது தொல்லியலின் எல்லையைக் கடந்து நிலவுடைமைப் பிரச்சினையாகின்றது. ‘முதலில் இருந்தவன் எம் மன்னன்’ என்று நாமும் எதிர்க்கல் நாட்டுவதால் இது தீராது. அவ்வாறு செய்தல் குளக்கோட்டன் கதையின் தருக்கத்தையே ஏற்பதாகும்: கட்டுவித்தவனின் வாரிசுக்கே நிலம், ஏனையோருக்குத் தொழும்பு.

வன்னியின் வரலாற்றை வேறோர் இடத்திலிருந்து தொடங்கலாம். குளக்கட்டைத் திருத்தும் வழமைகள், நீர்பங்கீட்டு முறைகள், காணிப் பதிவுகள், குடியேற்றத் திட்டக் கோப்புகள், அரிவிவெட்டுப் பாடல்கள், விளைபயிரைக் காத்தவர்களின் பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியன அதற்கான மூலங்களாம். 2009இன் அழிவில் இவற்றுள் எழுத்தில் இருந்தவை பல மறைந்தன; நினைவில் இருப்பவை முதியோருடன் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொகுப்பது அவசரப் பணியாகும். நிலத்துக்கும் நீருக்கும் உரித்துக் கோரும் இன்றைய உழவனுக்குக் கோமகனின் கல்லினும் வலிமையான சான்று, அவனும் அவன் முன்னோரும் அங்கு உழைத்தனர் என்பதேயாகும். அச்சான்றை எழுத்தில் வைப்பது ஆய்வாளரின் கடனாம்.