தோளில் சுமந்த புத்தகங்கள்

மலர்க் குழுவினர் என்னிடம் வந்தபோது, "சார், உங்க காலத்து ஹாஸ்டல் அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் எங்கள் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் வேறொரு விஷயத்தை எழுத ஆசைப்படுகிறேன். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் சரித்திரத்தில் சேர வேண்டிய விஷயம் இது. ஆனால் நான் படித்த எந்தக் கல்லூரி மலரிலும் அதைப் பற்றி ஒரு வரிகூடப் பார்த்ததில்லை. தான் எழுதிய புத்தகங்களையும், தன் செலவில் அச்சிட்ட பிறருடைய புத்தகங்களையும் பையில் போட்டுச் சுமந்துகொண்டு, ஊர் ஊராகப் போய்க் கல்லூரிப் படிகளில் ஏறி இறங்கி விற்ற ஓர் எழுத்தாளரின் கதை. அவர் பெயர் சி.சு. செல்லப்பா.

இன்றைய மாணவச் செல்வங்களுக்கு 'வாடிவாசல்' என்றால் தெரிந்திருக்கும். 2017-இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது அந்தச் சின்ன நாவலைப் பல பேர் கையில் பார்த்தேன். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வந்தது. பிறகு சித்திர நாவலாகவும் வந்துவிட்டது. இத்தனை பேர் படிக்கிற அந்தப் புத்தகம் 1959-இல் வெளிவந்தபோது அதை விற்பதற்கு ஆசிரியரின் தோளைத் தவிர வேறு ஏற்பாடு கிடையாது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

தமிழில் எழுத்தாளன் தன் புத்தகத்தைத் தானே போட்டுத் தானே விற்கிற வழக்கம் செல்லப்பாவோடு தொடங்கியதல்ல. பாரதியாரே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர். 1920-இல் அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துக்களை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி, ஆக மொத்தம் 4 லட்சம் பிரதி அச்சிடப் போவதாகவும், நண்பர்கள் கடனாகப் பணம் அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல ஜனங்கள் தன் புத்தகங்களை வாங்குவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பணம் வரவில்லை. அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். நாலு லட்சம் என்பது இன்றைக்கும் ஒரு தமிழ்க் கவிஞன் கனவில்கூடக் காணத் துணியாத எண்ணிக்கை!

செல்லப்பா 1912-இல் பிறந்தவர். வத்தலக்குண்டுக்காரர். 'மணிக்கொடி'யை நடத்திய பி.எஸ். ராமையாவுக்கும் அதே ஊர்தான். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 'ஸரஸாவின் பொம்மை' என்ற கதையின் மூலம் மணிக்கொடி வட்டத்தில் பெயர் பெற்றார். பின்னர் 'தினமணி கதிர்' போன்ற இடங்களில் வேலையும் பார்த்தார். வேலையை ஒட்டிக்கொண்டு, மாதம் ஒரு தொடர்கதை என்று எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மாதிரி அவரும் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1959 ஜனவரியில், திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் இருந்துகொண்டு, 'எழுத்து' என்ற மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார்.

பத்திரிகை ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் லட்சம் பிரதி விற்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிட மாட்டேன் என்று அறிவித்தார்! கடைகளில் தொங்கவிடுவதில்லை, சந்தாதாரருக்கு மட்டுமே அனுப்புவது என்று ஏற்பாடு. அந்த இரண்டாயிரம் என்ற உச்சவரம்பு அவருக்குத் தேவைப்படவே இல்லை என்பதுதான் வேடிக்கை. சந்தாதாரர் எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் 1970 வரை, மாதப் பத்திரிகையாகவும் கடைசியில் காலாண்டிதழாகவும், மொத்தம் 119 இதழ்கள் கொண்டுவந்துவிட்டார்.

இதில் யார் எழுதினார்கள் என்று பார்த்தால் ஓர் உண்மை தெரியவரும். மூன்றாவது இதழில் பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். நகுலன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். சி. மணியும் ஆங்கில ஆசிரியர். தருமு சிவராமு என்ற பிரமிள், இலங்கை திருகோணமலையிலிருந்து இருபது வயதில் எழுதி அனுப்பியவர். வெங்கட் சாமிநாதன் வடக்கே மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். வைத்தீஸ்வரன் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தமிழ்த் துறைக்காரர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்! அந்த நாட்களில் கல்லூரித் தமிழ் வகுப்பு சங்க இலக்கியத்தில் தொடங்கி, கம்பனில் தங்கி, பாரதி பாரதிதாசனோடு மணி அடித்துவிடும். உயிரோடிருக்கும் எழுத்தாளன் பாடத்திட்டத்தில் இடம் பெறுவது அபூர்வம். யாப்பில்லாத கவிதையைக் கவிதை என்று சொன்னால் சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். நான் படித்த காலத்திலேயே அப்படித்தான் என்றால், அதற்குப் பத்து வருஷம் முந்தி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்துக்குத்தான் செல்லப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஏன் வர வேண்டும்? கடையில் கொடுத்தால் விற்காதா என்று மாணவர்கள் கேட்கலாம். அந்தக் காலத்துப் புத்தக வியாபாரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புத்தகம் ஈய எழுத்தில் கோக்கப்பட்டது. ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். அச்சுக்கூலி, காகிதம், பைண்டிங் மூன்றுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். புத்தகம் வந்த பிறகு கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். அதுவும் விற்ற பிறகுதான் கணக்கு. விற்ற கணக்கும் உடனே வராது. நாலு தடவை கடுதாசி போட்டு, இரண்டு தடவை நேரில் போனால், "அடுத்த மாசம் பார்க்கலாங்க" என்பார்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக ஆணைக்குழுக்கள் புத்தகம் வாங்க ஆரம்பித்தன. அது பதிப்பாளர்களுக்குப் பெரிய வரம். ஆனால் காலப்போக்கில் 'லைப்ரரி ஆர்டர்' கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்துப் புத்தகம் போடுகிற பழக்கமும் அதன் கூடவே வந்துவிட்டது. வாசகன் என்ற ஆசாமி கணக்கிலிருந்தே காணாமல் போனான். இது என் அபிப்பிராயம். பதிப்புத் தொழிலில் இருக்கும் நம் முன்னாள் மாணவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செல்லப்பாவுக்கு இந்த இரண்டு வழியும் ஒத்துவரவில்லை. 'எழுத்து பிரசுரம்' என்று ஆரம்பித்து ந. பிச்சமூர்த்தியின் 'காட்டு வாத்து', புதுக்கவிதையின் முதல் தொகுப்பான 'புதுக்குரல்கள்' (1962) என்று வரிசையாகப் போட்டார். 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்கள், 63 கவிதைகள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட இந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் தமிழ்க் கவிதையின் போக்கையே மாற்றிய புத்தகம் அது. ஆனால் வெளிவந்த வருஷத்தில் அது வீட்டுக் கூடத்தில் அடுக்கி வைத்த காகிதக் கட்டுத்தான். அதைக் காசாக்கினால்தான் அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்க முடியும்.

எனவே கிளம்பிவிடுவார். கதர் வேட்டி, கதர்ச் சட்டை, இரண்டு கையிலும் புத்தகப் பை. ரயிலிலும் பஸ்ஸிலும் போய் இறங்கி, ஊரில் இருக்கும் கல்லூரிகளைத் தேடிப் போவார். ஆசிரியர்களைப் பார்ப்பார், மாணவர்களிடம் பேசுவார், புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். ஒருவர் வாங்குவார், ஒன்பது பேர் வாங்க மாட்டார்கள். திரும்பப் பையைத் தூக்க வேண்டியதுதான். அப்போதே அவருக்கு ஐம்பது வயது. இதை அவர் ஒரு தியாகம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. எழுதுகிறவன் செய்ய வேண்டிய வேலைகளில் இதுவும் ஒன்று என்றே நினைத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் இந்தப் பைகளைத்தான் முதலில் சொல்கிறார்கள். இந்த முயற்சியில் வீட்டு நகைகளும் போயின என்கிறார்கள். நகை போனதைப் பற்றி வீட்டம்மாள் என்ன நினைத்தார் என்பதை யாரும் விரிவாக எழுதவில்லை. இலக்கிய சரித்திரம் எழுதுகிறவர்கள் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை!

அவருடைய பிடிவாதத்தை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவதும் சரியாகாது. செல்லப்பாவின் விமரிசனக் கட்டுரைகளைப் படிக்கப் பொறுமை வேண்டும். ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். ராமையாவின் சிறுகதைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கூட்டாகச் செய்திருந்தால் சுமை குறைந்திருக்கும். ஆனால் யாரோடும் ஒத்துப்போகிற சுபாவம் அவருக்குக் குறைவு. எழுத்தில் வளர்ந்தவர்களே பிற்பாடு விலகிப்போய் அவரோடு வாதிட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் 'வாடிவாசல்' எழுதிய அதே கையில்தான் இந்தக் கரடுமுரடான கட்டுரைகளும் வந்தன. ஜல்லிக்கட்டைப் பற்றி எழுத அவரே காமிராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்த மனிதர். எதையும் தானே செய்து பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

வேறு வழிகளில் முயன்றவர்களும் உண்டு. சக்தி காரியாலயம் வை. கோவிந்தன் நல்ல காகிதம், நல்ல கட்டுமானம், மலிவு விலை என்று மூன்றையும் சேர்த்துக் காட்டியவர். டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' தமிழில் அவரால்தான் வந்தது. பாரதியின் எழுத்து பொதுச்சொத்தானதும் பாரதி கவிதைகளின் மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்து ஏழை வீடுகளுக்குள்ளும் சேர்த்தவர். தமிழில் எத்தனையோ பேருக்குப் புத்தகம் கொடுத்த அவர் பொருளை இழந்து 1966-இல் மறைந்தார். அதே அறுபதுகளில் தீரர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 'வாசகர் வட்டம்' ஆரம்பித்தார். உறுப்பினரிடம் முன்னதாகப் பணம் வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் தபாலில் அனுப்புகிற ஏற்பாடு. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', லா.ச.ரா.வின் 'புத்ர', காவேரிக் கரையோரப் பயண நூலான 'நடந்தாய் வாழி, காவேரி' எல்லாம் அங்கே வந்தவை. அந்தப் பதிப்புகளைக் கையில் எடுத்தாலே ஒரு மரியாதை தோன்றும். அதுவும் எழுபதுகளோடு ஓய்ந்தது.

எங்களைப் போன்ற கையில் காசில்லாத மாணவர்களுக்கு இந்தப் புத்தகங்கள் வந்து சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். 1900-இல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டிடத்தின் பழைய புத்தகக் கடைக்காரர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் இல்லை. ஆனால் எந்தப் பையனுக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்பது முகத்தைப் பார்த்தே தெரியும். "தம்பி, நீ கேட்டது வந்திருக்கு" என்று கட்டின் அடியிலிருந்து உருவித் தருவார்கள். 'எழுத்து' இதழ்கள் பதினொன்றை நான் அங்கேதான் வாங்கினேன். ஓரத்தில் யாரோ ஒரு சந்தாதாரர் பென்சிலால் கோடு போட்டு, ஒரு கவிதைக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறியும் போட்டிருந்தார். 1985 மே மாதம் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. கடைக்காரர்கள் சிலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சிலர் தொழிலையே விட்டார்கள். அன்று எரிந்த காகிதத்துக்குப் பட்டியல் கிடையாது.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். தமிழ்த் துறைகளை மேலே கொஞ்சம் குறை சொல்லிவிட்டேன் அல்லவா? அதற்குப் பதில் சொன்னவர் சிவகங்கை மன்னர் துரைசிங்கம் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் மீரா. செல்லப்பா வெளியிலிருந்து கல்லூரிக்குப் புத்தகத்தைச் சுமந்து வந்தார் என்றால், மீரா கல்லூரியில் இருந்துகொண்டே புத்தகத்தை வெளியே அனுப்பினார். பகலில் வகுப்பு, சாயங்காலம் அச்சகம். 'அன்னம்' பதிப்பகத்தைச் சென்னையில் அல்ல, சிவகங்கையில் நடத்தினார். கி. ராஜநாராயணனின் நூல்களை அழகாகப் போட்டார். 'நவகவிதை' வரிசை என்று, பெயர் தெரியாத இளங்கவிஞர்களின் முதல் புத்தகங்களைச் சிறு சிறு நூல்களாகக் கொண்டுவந்தார். தானே நல்ல கவிஞராக இருந்தும் தன் கவிதைக்குக் கொடுத்த நேரத்தைவிடப் பிறர் கவிதையின் புரூஃப் திருத்தியதில் செலவிட்ட நேரம்தான் அதிகமாக இருக்கும். 2002-இல் அவர் காலமானார். மீராவிடம் படித்தவர்களில் எழுத்தாளர் ஆனவர்களைவிட, புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள் அதிகம் என்று ஒரு சிவகங்கை நண்பர் என்னிடம் சொன்னார்.

'புதுக்குரல்கள்' பிற்பாடு பல்கலைக்கழகப் பாடநூலாகவும் ஆயிற்று. பையில் சுமந்து வந்தபோது வேண்டாம் என்ற அதே கட்டிடங்களுக்குள் அது பாடமாக நுழைந்தது. நோட்ஸ் போட்டு விற்றவர்கள்கூட அதில் செல்லப்பாவைவிட அதிகம் சம்பாதித்திருப்பார்கள்!

அவர் கடைசி வரை மாறவில்லை. 1927 முதல் 1934 வரையிலான சுதந்திரப் போராட்ட காலத்தை வைத்து 'சுதந்திர தாகம்' என்று மூன்று பாகத்தில் ஒரு பெரிய நாவல் எழுதியிருந்தார். 1997-இல், தன் 85-வது வயதில், அதையும் அவரே 'எழுத்து பிரசுர'மாக அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு 2001-இல் வந்தது. அப்போது மூன்று பாகத்தையும் தூக்கிக்கொண்டு படியேற அவர் இல்லை.