ரிச்சர்ட் பிரெனெக்கி

ரிச்சர்ட் லூயிஸ் பிரெனெக்கி (மே 4, 1916 – ஏப்ரல் 20, 2003) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தச்சர், இயந்திரப் பழுதுநீக்குநர், இயற்கை ஆர்வலர் ஆவார். அலாஸ்கா மாநிலத்தின் இரட்டை ஏரிகள் பகுதியில், 1968ஆம் ஆண்டு, கைக்கருவிகளை மட்டுமே கொண்டு தனியொருவராக மரவீடு ஒன்றைக் கட்டி, அதில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். டிக் பிரெனெக்கி என்ற பெயரிலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார்.

இளமையும் தொழிலும்

அயோவா மாநிலத்தின் பிரிம்ரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதற்கு மறுநாள் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, அத்துறைமுகத்திலேயே தச்சராகப் பணியாற்றினார். பின்னர் முடக்குக் காய்ச்சலால் தாக்குண்டு ஆறு மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அதற்குள் போர் முடிந்துவிட்டது; 1945இல் உடல்நலக் காரணத்தால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். உடல் எந்நேரமும் கைவிட்டுவிடக்கூடும் என்பதை முப்பது வயதுக்கு முன்பே அறிந்த இவர், பிற்காலத்தில் தம் உடல் வலிமையைத் தாமே சோதித்துப் பார்ப்பதில் காட்டிய ஆர்வத்துக்கு இந்நோயும் ஒரு காரணம் எனலாம்.

விடுதலைக்குப் பின் டீசல் இயந்திரத் தொழில் கற்றார். ஓரிகன் மாநிலத்தில் ஆட்டுப்பண்ணை ஒன்றிலும் வேலை செய்தார். பின்னர் அலாஸ்காவுக்குக் குடிபெயர்ந்து, கோடியாக் கடற்படைத் தளத்தில் கனரக இயந்திரங்களை இயக்குபவராகவும் பழுதுநீக்குபவராகவும் பணிபுரிந்தார். சால்மன் மீன்பிடித்தலிலும் ஈடுபட்டார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இரட்டை ஏரிகளில் வீடு

ஆங்கரேஜ் நகருக்குத் தென்மேற்கே மலைகளுக்கு நடுவே அமைந்த இரட்டை ஏரிகளுக்குச் சாலை கிடையாது. நீரிலும் பனியிலும் இறங்கக்கூடிய சிறு வானூர்திகளே அங்கு செல்வதற்கான வழி. மேல் ஏரியின் கரையில் இவருடைய நண்பர் ஒருவருக்குச் சொந்தமான குடில் இருந்தது. 1967ஆம் ஆண்டு கோடையில் அங்கு தங்கிய பிரெனெக்கி, தமக்கான இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களை வெட்டிப் பட்டை உரித்து உலர அடுக்கிவிட்டுத் திரும்பினார். 1968 மே 21 அன்று மீண்டும் வந்து வேலையைத் தொடங்கினார். அப்போது இவருக்கு வயது 52.

வானூர்தியில் சுமையைக் குறைப்பதற்காக உளி, துளைக்கருவி முதலியவற்றின் இரும்புப் பகுதிகளை மட்டும் கொண்டுவந்து, அவற்றுக்கான கைப்பிடிகளை அங்கேயே கிடைத்த மரத்தில் செதுக்கிக்கொண்டார். ஆக, இவர் முதலில் செய்தது வீடு அன்று. வீட்டைக் கட்டுவதற்கான கருவிகளே.

வீட்டின் உட்புறம் 15 அடி நீளமும் 11 அடி அகலமும் உடையது. முழு மரங்களைக் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர்கள் எழுப்பப்பட்டன. மூலைகளில் ஆணி அடிப்பதற்குப் பதிலாக, மேல்மரத்தின் அடிப்புறத்தில் கீழ்மரத்தின் வளைவை அப்படியே கவராயத்தால் வரைந்து, அக்கோட்டின்படி குடைந்து பொருத்தினார். குடைவு கீழ்நோக்கி இருப்பதால் மழைநீர் அதில் தேங்காது. மரம் உளுத்துப் போகாது. சுவரின் தன் எடையே மூலைகளை இறுக்கிப் பிடிக்கும். எஞ்சிய இடுக்குகளில் பாசியைத் திணித்து அடைத்தார். முகட்டு மரத்திலிருந்து சரிந்த கழிகளின் மேல் தார்த்தாளும் பாலித்தீன் தாளும் விரித்து, அவற்றின்மேல் பாசியைப் பத்தை பத்தையாகப் பரப்பிக் கூரை வேய்ந்தார். கணப்பையும் புகைபோக்கியையும் கற்களைச் சுமந்துவந்து கட்டினார்.

இவ்வீட்டின் கதவு தச்சு வேலை அறிந்தோரால் பெரிதும் பாராட்டப்படுவது. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே திறக்கும் வகையில் அமைந்த அக்கதவின் கீல்களும் பூட்டும்கூட மரத்தாலானவை. கரண்டி, கிண்ணம், மேசை, கட்டில் ஆகியவற்றையும் இவரே செய்தார். வெறுமையான எரிபொருள் தகரப் பெட்டிகளை வெட்டி மடித்துப் பாத்திரங்களாக்கினார். கரடிகளுக்கு எட்டாதபடி உயரமான கால்களின் மேல் உணவுப் பரண் ஒன்றும் அமைத்தார். குளிரில் வெப்பநிலை மறை 40 பாகைக்கும் கீழே இறங்கும் அவ்விடத்தில் முதல் குளிர்காலத்தை இவ்வீட்டில் கழித்தார்.

தனிமை பற்றிய கருத்துகள்

பிரெனெக்கி உலகத் தொடர்பை முற்றிலும் துறந்தவர் என்று பலர் எழுதுவது சரியன்று. போர்ட் ஆல்ஸ்வொர்த் என்னும் குடியிருப்பை நிறுவிய வானோடி பேப் ஆல்ஸ்வொர்த் அவ்வப்போது வானூர்தியில் அஞ்சலும் மாவு, சர்க்கரை, அவரை முதலிய பொருள்களும் கொண்டுவந்து தந்தார். பிரெனெக்கி ஏராளமான கடிதங்கள் எழுதினார், விருந்தினர்களையும் வரவேற்றார். கூரையின் பாலித்தீன் தாளும் தொழிற்சாலையில் விளைந்ததே. இவற்றை அவரும் மறைக்கவில்லை. இவருடைய சிறப்பு எதையும் வாங்காமல் வாழ்ந்ததில் இல்லை. வாங்க வேண்டியது எது, தாமே செய்யக்கூடியது எது என்பதைப் பிரித்தறிந்து, இரண்டாவதில் சோம்பல் காட்டாததில் உள்ளது. ஏறத்தாழ பதினாறு மாதங்களுக்குப் பின் 1969இல் ஊர் திரும்பிய இவர், அடுத்த ஆண்டு மீண்டும் ஏரிக்கு வந்தார்.

இயற்கைப் பதிவுகள்

வானிலை, ஏரி உறையும் நாள், பனி உருகும் நாள், கரிபு மான்கள், மலையாடுகள், கரடிகள் ஆகியவற்றின் நடமாட்டம் முதலியவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தார். 16 மி.மீ. படக்கருவி ஒன்றை முக்காலியில் நிறுத்தி, இயக்கிவிட்டு, தாமே அதன்முன் சென்று வேலை செய்து படம்பிடித்தார். மலைமேல் நடந்து செல்லும் காட்சி ஒன்றை எடுக்க வேண்டுமானால், நடந்து முடித்தபின் கருவியை எடுக்கத் திரும்பிவர வேண்டும். அதாவது ஒரே வழியை மும்முறை நடக்க வேண்டும். படத்தைப் பார்ப்போர் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

தொடக்கத்தில் இறைச்சிக்காக வேட்டையாடிய இவர் பின்னர் அதைக் கைவிட்டார். கொம்புகளுக்காக வேட்டையாட வந்தோர் விட்டுச்சென்ற இறைச்சியை எடுத்துப் பயன்படுத்தினார். அவர்களுடைய முகாம்களில் எஞ்சிய குப்பைகளையும் அகற்றினார். 1978இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி 1980இல் கிளார்க் ஏரி தேசியப் பூங்காவும் காப்பகமும் ஆனது. பிரெனெக்கி பூங்காத் துறைக்காகப் படம்பிடித்தும் தகவல் திரட்டியும் உதவினார்.

நூலும் திரைப்படமும்

கோடியாக்கில் பழகிய நண்பர் சாம் கீத், பிரெனெக்கியின் குறிப்பேடுகளையும் ஒளிப்படங்களையும் கொண்டு எழுதிய "ஒரு மனிதனின் வனாந்தரம்" என்ற பொருள்படும் ஆங்கில நூல் 1973இல் வெளியானது. இது குறிப்பேடுகளின் சொல் மாறாப் பதிப்பு அன்று. கீத் தம் நடையில் தொகுத்தெழுதியது. இவர் எடுத்த காட்சிகளைக் கொண்டு பாப் ஸ்வெரர் உருவாக்கிய ஆவணப்படம் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, இவருடைய பெயரைப் புதிய தலைமுறையிடம் கொண்டுசென்றது.

இறுதிக்காலம்

முதுமை காரணமாக 1990களின் இறுதியில், 82ஆம் வயதில், ஏரியை விட்டு நீங்கிக் கலிபோர்னியாவின் ஹெமெட் நகரில் தம்முடைய சகோதரருடன் வாழ்ந்தார். பக்கவாதத்தால் 2003 ஏப்ரல் 20 அன்று காலமானார். வீட்டைத் தேசியப் பூங்காத் துறைக்கு விட்டுச்சென்றார். 2007இல் அது அமெரிக்க வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. கோடையில் வானூர்தியில் வரும் பார்வையாளர்கள் மரக்கீல்களில் ஆடும் அக்கதவைத் திறந்து உள்ளே செல்லலாம்.