பழைய அம்பாசிடர் காருக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் தேவையா?

அம்பாசிடர், பிரிமியர் பத்மினி கார்களை ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பங்கில் போய் நின்றால் சாதா பெட்ரோலா, கூடுதல் விலை ஆக்டேன் பெட்ரோலா என்று குழப்பம் வந்து விடுகிறது.

ஆக்டேன் என்றால் என்ன?

இது பெட்ரோலின் சக்தியை காட்டும் எண் அல்ல. என்ஜினுக்குள் அழுத்தும்போது பெட்ரோல் தானாக பற்றி வெடிக்காமல் தாங்கும் திறனை காட்டும் எண்.

பழைய அம்பாசிடரின் 1,489 சி.சி. என்ஜின் அழுத்துவது 7 மடங்கு சொச்சம் தான். பத்மினியும் ஏறக்குறைய அப்படியே. இதற்கு 91 ஆக்டேனே தாராளம். 100 ஆக்டேன் போட்டாலும் பிக்கப் கூடாது, காசு தான் கரியாகும். 10 மடங்குக்கு மேல் அழுத்தும் சில பழைய வெளிநாட்டு கார்களுக்கு மட்டும் அது தேவைப்படும்.

மேடு ஏறும்போது என்ஜின் தட்டுகிறதா? முதலில் டைமிங், கரி படிந்திருப்பது, ரேடியேட்டர் தண்ணீர் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரப்பர் ஹோஸ் உஷார்

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பர் ஹோஸ், வாஷர், பெட்ரோல் பம்ப் டயாபிரம் எல்லாம் இதில் ஊறி கெட்டுப்போகும். கசியும் பெட்ரோல் சூடான என்ஜினில் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டால் டேங்க் துருப்பிடிக்கும்.

எனவே ஆக்டேனுக்கு கொடுக்கும் காசில் எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போடுங்கள். வண்டியும் தப்பும், ஆளும் தப்பலாம்.